கரை மாப்பிள்ளை

ஜனவரி 1, புதன்

புது டைரியின் முதல் பக்கத்தில் எப்போதும்போல் எழுதிவிட்டேன்: ‘ஆடிப் பதினெட்டுக்குள் நீச்சல் பழக வேண்டும்.’ எழுதி முடித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. அலமாரியிலிருந்த பழைய டைரிகளை எடுத்துப் பார்த்தேன். பதினொன்று அகப்பட்டன. பதினொன்றிலும் முதல் பக்கத்தில் இதே வரி. இரண்டில் சிவப்பு மையில் அடிக்கோடு வேறு.

ஒரே தவறான விடையைப் பதினொரு தேர்வுகளில் எழுதும் மாணவனைப் பற்றி என்ன நினைப்பேனோ, அதையே என்னைப் பற்றியும் நினைத்துக்கொண்டேன்.

மங்கை காப்பியோடு வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “முதல் வரி எழுதியாச்சா?” என்றாள். அவ்வளவுதான். சிரிக்கக்கூட இல்லை.

ஜனவரி 3, வெள்ளி

பின்னால் யாராவது இதைப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காகப் பின்னணியை எழுதிவைக்கிறேன்.

மங்கையின் ஊர் மணற்பொய்கை. காவிரி வாய்க்கால் வந்து நிறைக்கும் கோயில் குளம், அதன் நடுவே நீராழி மண்டபம். அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டியவன் ஆடிப் பதினெட்டு அன்று கிழக்குப் படியில் இறங்கி, மண்டபம் வரை நீந்திப் போய், தூணில் மஞ்சள் கயிறு கட்ட வேண்டும். பெண்டாட்டியும் கூடவே போவாள். அவன் போகாவிட்டால் அவளும் கடைசிப் படியைத் தாண்டுவதில்லை. கயிறு கட்டாதவனுக்குக் கரை மாப்பிள்ளை என்று பெயர். சாதாரணமாக ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருடம் அந்தப் பெயர் நிற்கும்.

நான் முப்பத்தாறு வருடங்களாகக் கரை மாப்பிள்ளை. கரையில் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியே போடுகிறார்கள்.

முதல் ஆடியில் மங்கையிடம் சொன்னேன்: “அடுத்த ஆடிக்குள்ள நீந்தக் கத்துக்கறேன். ரெண்டு பேரும் சேர்ந்தே நீந்திப் போவோம், பாரு.” அவள் அதற்கு முன் ஒரே மூச்சில் நான்கு தடவை மண்டபத்துக்குப் போய் வருகிறவளாம்.

இதில் வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நான் முப்பத்துமூன்று வருடம் இயற்பியல் வாத்தியார். முட்டை, உப்பு நீர், இரும்பு ஆணி, கப்பல் என்று உதாரணம் காட்டி மிதத்தல் விதியை விளக்கியவன். நான் தண்ணீரில் இறங்கினால் மட்டும் ஆணியின் கட்சி.

ஜனவரி 9, வியாழன்

நீச்சல் பழகுவதற்குத் தொண்ணூறு நாள் அட்டவணை தயாரித்தேன். மூச்சுக்குப் பச்சை, காலுக்கு நீலம், கைக்கு ஆரஞ்சு. ஐந்து நாள் ஆயிற்று. மிக நன்றாக வந்திருக்கிறது.

ஜனவரி 22, புதன்

மாநகராட்சி நீச்சல் குளத்தில் இன்று சேருவதாக இருந்தேன். காலண்டரைப் பார்த்தால் அஷ்டமி. நாளை நவமி. அறிவியல் வாத்தியார் இதையெல்லாம் பார்க்கலாமா என்று கேட்கலாம். மங்கை கேட்டாள்.

பிப்ரவரி 6, வியாழன்

நீச்சல் தொப்பி வாங்கினேன். கண்ணாடியும் வாங்கினேன். இரண்டையும் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடியில் பார்த்தேன். தொண்ணூறு நாள் வேலையில் கால் பங்கு முடிந்ததுபோல் இருந்தது.

பிப்ரவரி 19, புதன்

சளி.

மார்ச் 12, புதன்

மங்கைக்கு வலது தோள் ஒரு வருடமாகவே சரியில்லை. கொடியில் துணி போட என்னைக் கூப்பிடுகிறாள். இன்று எக்ஸ்ரேயோடு டாக்டரைப் பார்த்தோம். மூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டதாம். மாற்று மூட்டு வைக்க வேண்டும். மகளுக்கு லீவு கிடைப்பது ஆவணியில்தான் என்பதால் அப்போது செய்வதாக முடிவாயிற்று.

டாக்டர் எழுதிக்கொண்டிருக்கும்போது மங்கை கேட்டாள்: “அதுக்கப்புறம் நீந்தலாமா, டாக்டர்?”

“அதெல்லாம் வேண்டாம்மா. வீட்டு வேலை செய்யலாம், தலை வாரலாம். நீச்சல் மட்டும் கூடாது.”

“அதுக்கு முன்னாடி? ஒரே ஒரு தடவை?”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். “வலி தாங்குனீங்கன்னா மெதுவா ஒரு தடவை நீந்துங்க. இனிமே கெட்டுப்போறதுக்கு அந்த மூட்டுல என்ன இருக்கு?” என்று சிரித்தார். மங்கையும் சிரித்தாள்.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று தெரியவில்லை. வரும் வழியில் வெண்டைக்காய் வாங்கினோம். பிஞ்சாக இருந்தது.

மார்ச் 13, வியாழன்

நீச்சல் குளத்தில் சேர்ந்துவிட்டேன். காலை ஆறு மணி. மங்கையிடம் நடைப்பயிற்சி என்று சொல்லியிருக்கிறேன். முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம். முன்கூட்டிச் சொன்ன அனுபவம் நிறைய இருக்கிறது.

பயிற்சியாளர் அந்தோணிமுத்து, தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். என் வயதுதான். மீசை மட்டும் பணியில் இருக்கிறது. அட்டவணையைக் காட்டினேன். மூன்று நிறங்களையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“தண்ணி பட்டா மை கலைஞ்சிரும், வாத்தியாரே. பையில வைங்க. இன்னிக்கு உள்ள இறங்கி நில்லுங்க.”

“நின்னு?”

“நிக்கறதுதான். பத்து நிமிஷம் நின்னுட்டு வீட்டுக்குப் போங்க. நாளைக்கும் வாங்க.”

இடுப்பளவுத் தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் என்பது இவ்வளவு நீளமானது என்று விடை தெரியாமல் தேர்வறையில் உட்கார்ந்திருக்கும் பையன்களுக்குத்தான் தெரியும்.

மார்ச் 14, வெள்ளி

நின்றேன்.

மார்ச் 15, சனி

நின்றேன். கம்பியை ஒரு கையால் மட்டும் பிடித்தேன்.

மார்ச் 24, திங்கள்

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து ஊதினேன். ஏழு நொடி. அந்தோணிமுத்து கைதட்டினார். எனக்குக் கடைசியாக யாராவது கைதட்டியது பிரிவு உபசார விழாவில்.

வீட்டுக்கு வந்ததும் மங்கை, “தலை ஏன் ஈரமா இருக்கு?” என்றாள். வியர்வை என்றேன். “ஓ” என்றாள். சாயங்காலம் என் பையில் இன்னொரு துண்டும் சின்னப் புட்டியில் தேங்காய் எண்ணெயும் இருந்தன. நடக்கப் போகிறவனுக்கு இவை எதற்கு என்று அவள் யோசிக்கவில்லை போலும். நல்லவேளை, சந்தேகம் ஏதும் இல்லை.

ஏப்ரல் 9, புதன்

இன்றைய வகுப்பில் மிதக்க வேண்டும். மல்லாந்து படுக்கச் சொன்னார். படுத்தேன். கால் முதலில் போயிற்று, பிறகு இடுப்பு, பிறகு நான்.

தூக்கி நிறுத்திவிட்டுச் சொன்னார்: “இருபத்தெட்டு வருஷத்துல கெணத்துல விழுந்த எருமைய மட்டும் நாப்பது தூக்கியிருக்கேன். ஒண்ணுகூட உங்கள மாதிரி முரண்டு பண்ணல.”

“இடம்பெயர்ந்த நீரின் எடை, பொருளின் எடைக்குச் சமமானா மிதக்கும். விதி எனக்குத் தெரியும்.”

“விதி உங்களுக்குத் தெரியுது. ஒடம்புக்குத் தெரியல. கழுத்த விடுங்க. இன்னும். யாரோ தலைய ஏந்திப் பிடிச்சிருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டு விடுங்க.”

எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ, காதுக்குள் தண்ணீர் நிறைந்து உலகம் அமைதியாகிவிட்டது. மேலே தகரக் கூரையில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்தேன் என்று தெரியவில்லை. அந்தோணிமுத்துவின் கைகள் என் முதுகுக்குக் கீழே இல்லை என்பதைப் பிறகுதான் பார்த்தேன். அவர் கரையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

முப்பத்துமூன்று வருடம் நான் சொல்லிக்கொடுத்தது உண்மைதான்!

மே 5, திங்கள்

ஆழமான பக்கத்தில் தண்ணீர் குடித்துவிட்டேன். மூக்கிலும் ஏறிற்று. எருமையைத் தூக்குவதுபோல் தூக்கினார்.

மே 6, செவ்வாய்

போகவில்லை.

மே 7, புதன்

மின்சாரக் கட்டணம், ரேஷன், அடுப்புத் திரி மாற்றல். அட்டவணையை மறுபடி போடலாமா என்று யோசனை. இந்தத் தடவை நான்கு நிறம்.

மே 9, வெள்ளி

போகவில்லை. காலை ஆறரைக்கு நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளின் நான்காம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். மங்கை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வலது கை மடியிலேயே கிடந்தது, இடது கைதான் எல்லாம் செய்தது.

“ஏங்க, நாலு நாளா நடக்கப் போகலயே?”

“அசதியா இருக்கு.”

“நடக்க வேண்டாம். சும்மா போயி பத்து நிமிஷம் நின்னுட்டு வாங்க.”

என்ன ஆச்சரியம், அந்தோணிமுத்து சொன்னதை அப்படியே சொல்கிறாள். பெரியவர்கள் ஒரேபோல் யோசிப்பார்கள் போலிருக்கிறது.

போனேன். நின்றேன். அந்தோணிமுத்து ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை. “வாங்க” என்றார், அவ்வளவுதான். நான்கு நாள் வராத பையனை வகுப்பில் எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்பவனாகத்தான் நான் இருந்திருக்கிறேன். அவனுக்கும் ஒரு ‘வாங்க’ போதுமாக இருந்திருக்குமோ?

ஜூன் 2, திங்கள்

பன்னிரண்டு மீட்டர். பிறகு மூச்சு வாங்குகிறது.

வேதியியல் வாத்தியார் லீவு போட்டால் அவருடைய ஆய்வகமும் என் பொறுப்புதான். பியூரெட் குழாயைத் திருகி அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். பையன்கள் பொறுக்காமல் திருகை முழுக்கத் திறந்துவிடுவார்கள். “இருபது மில்லி விட்டும் ஒண்ணுமே ஆகல, சார்” என்பார்கள். அடுத்த ஒரு சொட்டில் குடுவை முழுதும் நிறம் மாறும். கடைசிச் சொட்டுதான் செய்தது என்று அவர்கள் நினைப்பார்கள். அதற்கு முந்திய நானூறு சொட்டும் செய்தது என்று நான் சொல்வேன். இன்று குளத்திலிருந்து வரும்போது அது ஞாபகம் வந்தது. இன்னும் எத்தனை சொட்டு என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். மங்கை அந்தச் செய்தியை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

ஜூலை 4, வெள்ளி

இருபத்தைந்து மீட்டர்! சுவரைத் தொட்டேன். நிறம் மாறிவிட்டது.

ஒரு குறை. நான் நேராகப் போவதில்லை. ஒவ்வொரு தடவையும் இடது பக்கம் சாய்கிறேன். அந்தோணிமுத்து தலையில் கை வைத்துக்கொள்கிறார். “வாத்தியாரே, மூணாவது கோட்டுல ஆரம்பிச்சு மொத கோட்டுல முடிக்கிறீங்க. பஸ் ஓட்டுனா உங்கள நம்பி ஏற முடியாது.”

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. மங்கையின் அண்ணன் பக்கிரிசாமி போன் செய்தார். அறுபத்தெட்டு வயது, குரல் மட்டும் முப்பது.

“மாப்ள, இந்தத் தடவயாவது மொத நாளே வந்துருங்க. சாயங்காலம் நாம ஆம்பளைங்க மட்டும் கொளத்துக்குப் போவோம். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“போன்லயே சொல்லுங்க மச்சான்.”

“போன்ல சொல்ற விஷயம் இல்ல, மாப்ள. காட்டணும்.”

எல்லாப் புது மாப்பிள்ளைகளையும் முதல் நாள் மாலை இப்படிக் கூட்டிப் போவார்கள். கேலி பண்ணத்தான் என்பது என் கணிப்பு. அதனாலேயே முப்பத்தாறு வருடமும் ஆடிப் பதினெட்டு காலையில்தான் போய் இறங்கியிருக்கிறேன். இந்த வருடமும் அப்படித்தான்.

“சரி, உங்க நாற்காலிய தொடச்சு வைக்கிறேன்” என்று போனை வைத்தார்.

ஜூலை 30, புதன்

ஐம்பது மீட்டர், நடுவில் ஒரு தடவை மல்லாந்து ஓய்வு. மண்டபம் நாற்பதுக்குள்தான் இருக்கும். அந்தோணிமுத்து கை குலுக்கினார். “தண்ணி குடிச்சிட்டா பதறாதீங்க. மல்லாந்துருங்க. எருமைக்கும் அதான் சொன்னேன்.”

மங்கையிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பதினெட்டு

எங்கிருந்து ஆரம்பிப்பது? வரிசையாகவே எழுதுகிறேன்.

எட்டு மணிக்கு மணற்பொய்கை. குளம் படி வரைக்கும் நிறைந்திருந்தது. என் நாற்காலி போட்டிருந்தார்கள். இந்த வருடம் அதில் ஒரு மெத்தைவேறு. பக்கிரிசாமி மச்சான் அதைத் தட்டிக்காட்டி, “உக்காருங்க மாப்ள, காத்தாட இருக்கும்” என்றார். படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு.

நான் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். தொப்பியையும் கண்ணாடியையும் எடுத்து மாட்டினேன்.

சிரிப்பு நின்றது.

மங்கையைத் திரும்பிப் பார்த்தேன். அதிர்ந்துபோவாள் என்று ஐந்து மாதமாகக் கற்பனை செய்திருந்தேன். அவள் ஏற்கெனவே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைசிப் படியில் நின்றாள். “கண்ணாடி வார் முறுக்கியிருக்கு” என்று சரிசெய்துவிட்டாள். கையில் மஞ்சள் கயிறு தயாராக இருந்தது. அதை என் மணிக்கட்டில் சுற்றிவிட்டு, “மூச்ச தண்ணிக்குள்ள ஊதுங்க. எண்ணாதீங்க” என்றாள்.

“உனக்கு எப்ப தெரியும்?”

“மார்ச்சு பதிமூணு. யாராவது தொப்பியோட நடக்கப் போவாங்களா? அந்தோணிமுத்து அண்ணன் நல்ல மனுஷன். மொதல்ல இறங்குங்க.”

இறங்கினேன். அவளும் அந்தக் கடைசிப் படியைத் தாண்டி இறங்கினாள். முப்பத்தாறு வருடத்துக்குப் பிறகு, ஒருக்களித்து, இடது கையால் மட்டும் தண்ணீரை இழுத்து, என் இடது பக்கமாக வந்தாள். துளிச் சத்தம் இல்லை. அவள் இவ்வளவு அழகாக நீந்துவாள் என்று எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? நான் பார்த்ததே இல்லையே.

பாதி தூரத்தில் கரையில் கூச்சல் கேட்டது. மச்சானின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே: “வலது பக்கம்! மாப்ள, வலது பக்கம் வாங்க!” உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்துக் கையை இன்னும் வேகமாக வீசினேன். வாயில் தண்ணீர் போயிற்று. காலை ஊன்றப் பார்த்தேன். கீழே ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை தேடினேன். குளிர்ந்த தண்ணீர் மட்டும்தான்.

அப்போது மே மாதம் ஞாபகம் வந்தது. எருமைகளும் ஞாபகம் வந்தன. கழுத்தை விட்டேன். மல்லாந்தேன்.

வானத்தின் ஓரத்தில் மங்கையின் முகம். “பரவால்ல, அப்படியே இருங்க. மேல பாருங்க, கொக்கு போவுது” என்றாள். கொக்கு போயிற்று. மூச்சு திரும்பி வந்தது. புரண்டு நீந்தினேன். கை எதிலோ இடித்தது. தூண்! பாசி பிடித்த, வழுவழுப்பான, என் தூண்.

கயிறு கட்டிவிட்டுத் திரும்பினால், பக்கிரிசாமி மச்சான் எங்களை நோக்கி வருகிறார். வேட்டியோடு, கைக்கடிகாரத்தோடு, முகம் வெளிறி, குளத்தின் நடுவே நடந்து வருகிறார். தண்ணீர் அவருடைய மார்பு வரைதான்.

ஒரு நிமிடம் எனக்கு எந்த விதியும் நினைவுக்கு வரவில்லை.

“மாப்ள! உசுரே போச்சு, மாப்ள! கல்பாதைய விட்டு அந்தாண்ட போயிட்டீங்களே! அங்க ரெண்டாள் ஆழம்!”

“என்ன பாதை?”

விஷயம் இதுதான். கிழக்குப் படியிலிருந்து மண்டபம் வரை தண்ணீருக்கு அடியில் கல் பாவிய பாதை இருக்கிறது. குளம் வற்றும் காலத்தில் சாமி தூக்கிப் போவதற்காகப் போட்டது. தண்ணீருக்கு மேலிருந்து பார்த்தால் தெரியாது. முதல் நாள் மாலை மாமனார் வீட்டு ஆண்கள் புது மாப்பிள்ளைக்கு அதைக் காட்டிக்கொடுப்பார்கள். குனிந்து, தாடை வரை முங்கி, கையை மட்டும் வீசிக்கொண்டு நடக்க வேண்டும். கரையிலிருந்து பார்த்தால் நீச்சல். தலைமுறை தலைமுறையாக இதுதான் நடக்கிறது. பெண்களுக்குத் தெரியவே கூடாது என்பது கட்டுப்பாடு. என் உயிரைக் காப்பாற்ற வந்த பதற்றத்தில் மச்சான் குனியவும் மறந்துவிட்டார், கை வீசவும் மறந்துவிட்டார்.

ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய மனைவி கரையிலிருந்தே கத்தினார்கள்: “ஏங்க, உங்க நீச்சல் ரொம்ப நல்லாருக்கு! வாட்சு நனையப் போவுது!” பிறகு எழுந்த சிரிப்பில் மண்டபத்துப் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. அந்தப் பெண்கள் ஒருவருக்கும் ஆச்சரியம் இல்லை என்பதைக் கவனித்தேன். குளத்தில் குதித்து வளர்ந்தவர்களுக்கு அடியில் கல் இருப்பது தெரியாமலா இருக்கும்?

மச்சான் மண்டபத்தில் ஏறி வேட்டியைப் பிழிந்தபடியே சொன்னார்: “ஒண்ணு சொல்றேன், மாப்ள. இந்த மண்டபத்துக்கு நெசமாவே நீந்தி வந்த மொத மாப்ள நீங்கதான்.”

நான் மங்கையைப் பார்த்தேன். தூணில் சாய்ந்து தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“முப்பத்தாறு வருஷம், மங்கை. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா நடந்து வந்திருப்பீங்க.”

“வந்திருப்பேன்.”

“கயிறு கட்டறேன்னா சொன்னீங்க? நீந்தக் கத்துக்கறேன், ரெண்டு பேரும் சேர்ந்து நீந்துவோம்னுதானே சொன்னீங்க.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். நீச்சல் கண்ணாடிக்குள் எப்படித்தான் தண்ணீர் போகுமோ.

திரும்பும்போது அவள் தன் வலது தோளைப் பிடித்துக்கொண்டாள். வலி வந்துவிட்டது. “இன்னொரு தடவ முடியாது” என்றாள். முகம் என்னவோ பதினெட்டு வயதுப் பெண்ணின் முகம்போல் இருந்தது. அதனால் கல்பாதையில் இறங்கினோம். குனியவில்லை, கை வீசவில்லை. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கையைக் கோத்துக்கொண்டு குளத்தின் நடுவே நடந்து வந்தோம். யாரோ விசில் அடித்தார்கள். என் நாற்காலியில் மச்சான் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

அறுவை சிகிச்சை நேற்று நல்லபடியாக முடிந்தது. மகள் வந்திருக்கிறாள்.

இன்று காலை ஐந்தரைக்கு ஆஸ்பத்திரி நாற்காலியில் கண் விழித்தேன். இன்றைக்கு மட்டும் போக வேண்டாம் என்று இருந்தேன். கட்டிலிலிருந்து மங்கை, “போயி நின்னுட்டாவது வாங்க” என்றாள். போனேன். நான்கு தடவை போய் வந்தேன். நடுவில் நிற்கவில்லை.

எட்டு மணிக்கு வந்து சேர்ந்தபோது மங்கை, மகள் ஊட்டிய இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தோள் கட்டுக்குள் இருந்தது.

“எத்தன?”

“நாலு.”

“இன்னமும் இடது பக்கம் சாயறீங்களா?”

“ஆமா. அந்தோணிமுத்து திட்டறார். எவ்வளவு முயற்சி பண்ணியும் நேராப் போக வரல.”

மங்கை இட்லியை மென்று விழுங்கினாள். “அவரு கெடக்கறாரு. அப்படியே சாயுங்க” என்றாள். “நான் அந்தப் பக்கந்தானே வந்தேன்.”